பெட்டியடியிலிருந்து இறங்கியவர்கள்

ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' நாவலை நாம் கைகூடாத காதலின் கதையாகவே வாசித்துப் பழகியிருக்கிறோம். செல்லையாவும் மரகதமும் நம் நினைவில் நிற்கிறார்கள். பினாங்கின் செட்டித் தெரு பின்னணிச் சித்திரமாக மங்கிவிடுகிறது. அண்மையில் மீண்டும் வாசித்தபோது எனக்கு அந்தத் தெருவே கதையாகத் தோன்றியது. வட்டிக்கடையில் பணியாற்றிய ஓர் இளைஞன் போர்க்காலத்தில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்கிறான்; போர் முடிந்து திரும்பி வருகிறான். முதலாளி வானாயீனாவுக்கு அவன்மீது வெறுப்பு இல்லை. துப்பாக்கி பிடித்த கை இனிப் பேரேட்டுக்கு ஆகாது என்பதே அவருடைய எண்ணம். செல்லையாவுக்கு மறுக்கப்படுவது மரகதம் மட்டுமன்று. அந்தக் கடையில் அவனுக்கிருந்த வருங்காலமும்தான்.

கணக்குத் தெரிந்த, நாணயமான, உழைப்புக்கு அஞ்சாத ஒருவன் எப்படித் தன் தொழிலுக்கு ஆகாதவனாகிறான்? இந்தக் கேள்வியை நாவலுக்கு வெளியே கொண்டுசென்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். 1930 தொடங்கி ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுக் காலத்தில், கடல் கடந்து லேவாதேவி செய்த தமிழ்க் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது, அவற்றில் கணக்கெழுதிப் பிழைத்தவர்கள் வேலையற்றுப் போனார்கள். முதலாளிகளின் இழப்பு ஏக்கர் கணக்கிலும் கோடிக் கணக்கிலும் பதிவாகியிருக்கிறது. ஊழியர்களின் இழப்புக்கு அத்தகைய கணக்கு இல்லை.

*

முதலில் அந்த வேலை எத்தகையது என்பதைச் சொல்லவேண்டும். நகரத்தார் வழக்கில் அயல்நாடு சென்று தொழில் செய்வதற்குக் 'கொண்டுவிற்கப் போதல்' என்று பெயர். முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டிலேயே இருப்பார். ரங்கூனிலோ பினாங்கிலோ கொழும்பிலோ கடையை நடத்துபவர் மேலாள். அவருக்கு அடுத்தவர் அடுத்தாள். கடைசிப் படியில் பெட்டியடிப் பையன். மேசை நாற்காலி கிடையாது; பாய் விரித்த தரையில், சாய்வுப் பலகை பொருந்திய மரப்பெட்டிக்கு முன்னால் சம்மணமிட்டு அமர்ந்தே எழுதவேண்டும். பணமும் பத்திரமும் அந்தப் பெட்டியில். ஆகவேதான் கடையின் இதயமான இடத்துக்குப் 'பெட்டியடி' என்ற பெயர்.

பையனாகச் சேர்பவன் பதின்வயதின் தொடக்கத்தில் இருப்பான். ஊர்த் திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனப்பாடம் செய்திருப்பான். முந்திரி, காணி, மா என்னும் கீழ்வாய் இலக்கங்களைக் காகிதமின்றிப் பெருக்கத் தெரியும். ஒன்றை முந்நூற்றிருபதாகப் பகுத்த ஒரு பங்குதான் முந்திரி. அத்தகைய நுண்மையில் வட்டியைக் கணக்கிட்டுப் பழகியவர்கள் அவர்கள். குறிப்பு, பேரேடு, ஐந்தொகை என்று படிப்படியாகக் கற்றுக்கொண்டு, ஆண்டுகள் பல கழிந்து அடுத்தாளாவான்; நல்லூழ் இருந்தால் மேலாளாவான். அதற்கும் மேலே ஒரு படி இருந்தது: பழைய முதலாளியிடமே மூலதனம் பெற்றுத் தனக்கென்று ஒரு மார்க்கா தொடங்குவது.

பணிக்காலம் வழக்கமாக மூன்றாண்டு. புறப்படுமுன் சம்பளச்சீட்டு எழுதப்படும். சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாக வீட்டுக்குப் போய்விடும். சாப்பாடு, சலவை, சவரம் எல்லாம் கடைச் செலவு. மனைவி மக்களை அழைத்துச் செல்வது நெடுங்காலம்வரை வழக்கமில்லை. மூன்றாண்டு முடிந்ததும் கணக்கு முடித்து, இலாபத்தில் மேலாளுக்கு உரிய பங்கைக் கொடுத்து அனுப்புவார்கள். பிறகு சில காலம் ஊரில் இருப்பு. அடுத்த சீட்டு எழுதப்படும்வரை அவர்கள் வேலையில்லாதவர்களே. ஆனால் அந்த வேலையின்மையை எவரும் குறையாகக் கருதவில்லை. வயலுக்கு அறுவடைக்குப் பிந்திய ஓய்வுபோல அது தொழிலின் ஒரு பருவம். கணக்கு நேராக முடிந்திருந்தால், இந்த முதலாளி இல்லையென்றால் இன்னொருவர் அழைப்பார்.

இங்கேதான் நாம் கவனிக்கவேண்டிய செய்தி இருக்கிறது. அந்த 'இன்னொருவர்' எதை நம்பி அழைத்தார்? சான்றிதழ் கிடையாது, விண்ணப்பம் கிடையாது, நேர்முகத் தேர்வும் கிடையாது. பழைய முதலாளியின் ஒரு சொல் போதும். அல்லது கோயிலிலோ திருமண வீட்டிலோ காதில் விழும் ஒரு பேச்சு போதும். ஒருவன் எந்த ஊர், எந்தக் கோயிற் பிரிவு, யார் மகன், எந்தக் கடையில் கணக்கு முடித்தவன் என்பதே அவன் தகுதி. ஆயிரக்கணக்கான ரூபாய் புரளும் பெட்டியைக் கடலுக்கு அப்பால் ஒருவனிடம் ஒப்படைத்துவிட்டு முதலாளி ஊரில் உறங்க முடிந்ததற்குக் காரணம், அவன் வீடும் உறவும் அதே ஊரில் பிணையாக இருந்தமைதான். கடன் வாங்குபவனிடம் நகையையோ நிலத்தையோ ஈடாகக் கேட்ட அந்தத் தொழில், தன் ஊழியனிடம் அவனுடைய குடும்பத்தின் மானத்தை ஈடாகக் கேட்டது.

*

1929-30இல் பர்மாவில் ஆய்வு நடத்திய மாகாண வங்கி விசாரணைக் குழு, அங்கே ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகவும், அவற்றில் புழங்கிய முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் கணக்கிட்டது. அதில் மூன்றில் இரண்டு பங்கு வேளாண்மைக்குக் கொடுத்த கடன். கடைக்கு மூவர் நால்வர் என்று கொண்டாலும் பர்மாவில் மட்டும் பல ஆயிரம் பேர் இத்தொழிலால் வாழ்ந்தார்கள் என்று ஊகிக்கலாம்.

அந்த அறிக்கையின் மை உலருமுன் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. சில ஆண்டுகளில் பர்மா நெல்லின் விலை பாதிக்கும் கீழே சரிந்தது. குடியானவனால் வட்டிகூடக் கட்ட இயலவில்லை. கடைகள் பணத்துக்குப் பதிலாக நிலத்தை எடுத்துக்கொண்டன. கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில், 1930இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1938இல் அது 25 பங்காயிற்று. பர்மியரின் பார்வையில் இது அபகரிப்பு. அவர்களுடைய சினத்துக்கு நியாயமான காரணம் இருந்தது. பரம்பரை நிலத்தை இழந்த குடியானவனுக்கு உலகச் சந்தையின் விலை வீழ்ச்சியை விளக்கிச் சொல்லி ஆறுதல் அளிக்க முடியாது. கடைகளுக்கோ அது விரும்பாத சொத்து. விற்க ஆளில்லாத நிலம் பெட்டியில் இருக்கும் பணமாகாது.

பணம் புரளாத கடைக்குக் கணக்கெழுத எத்தனை பேர் வேண்டும்? முன்பு மூவர் செய்ததை இப்போது ஒருவர் செய்தார். ஊர் திரும்பியவர்களுக்கு அடுத்த சீட்டு எழுதப்படவில்லை. 'போ' என்று எவரும் சொல்லவில்லை. 'வா' என்று சொல்வதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். தொழிலின் ஒரு பருவமாக இருந்த ஊரிருப்பு, முடிவில்லாத காத்திருப்பாக மாறியது. தான் வேலையில் இருக்கிறோமா, நீக்கப்பட்டுவிட்டோமா என்பதே தெரியாத நிலை அது. திட்டவட்டமாக நீக்கப்பட்டவன் வேறு வேலை தேடத் தொடங்குவான். இவர்கள் முதலாளி வீட்டுத் திண்ணையில் மரியாதைக்கு ஒருமுறை தலைகாட்டிவிட்டு, எதுவும் கேட்காமல் வீடு திரும்பியிருப்பார்கள் என்றே நினைக்கத் தோன்றுகிறது. கேட்பது அவநம்பிக்கையாகிவிடும் அல்லவா?

*

அதே காலத்தில் பணத் தொழிலின் இன்னொரு வடிவம் வளர்ந்துகொண்டிருந்தது. 1906இல் சென்னையில் ஆர்பத்நாட் நிறுவனம் முறிந்த பிறகு, 1907இல் இந்தியன் வங்கி தோன்றியது. 1937 பிப்ரவரி 10ஆம் நாள் எம். சிடி. எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களில் ஒரே நேரத்தில் தொடங்கினார். பெட்டியடியிலிருந்து இறங்கியவர்கள் இந்த வங்கிகளின் படியேறியிருக்கலாமே என்று நாம் கேட்கலாம். சிலர் ஏறியுமிருப்பார்கள். ஆனால் பெரும்பாலோருக்கு அந்த வாசல் உயரமானது. வங்கி ஆங்கிலத்தில் கணக்கெழுதியது. பள்ளியிறுதித் தேர்ச்சி கேட்டது. தட்டச்சும் சுருக்கெழுத்தும் தெரிந்தவனை விரும்பியது. முந்திரிக்கும் காணிக்கும் அங்கே இடமில்லை. இருபதாண்டு பேரேடு எழுதிய நாற்பது வயதுக்காரர், பள்ளியை முடித்து வந்த பதினெட்டு வயதுப் பையனுக்குப் பின்னால் நிற்கவேண்டும். அவருடைய திறமை பொய்யாகிவிடவில்லை. அதைப் படித்தறியும் கண்கள் இல்லாமற் போயின.

வங்கியில் இடம் பெற்றவர்களும் பாதுகாப்பாக இருந்துவிடவில்லை. இரண்டு வங்கிகளின் இணைப்பால் 1937இல் உருவாகிச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி, 1938 ஜூனில் பணம் கொடுப்பதை நிறுத்தியது. அதன் பின்னாலிருந்த அரசியல் வேறு ஒரு கட்டுரைக்கு உரியது. அதன் ஊழியர்களுக்கு நஷ்டஈடு தரவோ, வேறிடத்தில் பணி தரவோ கடமைப்பட்டவர் என்று எவரும் இல்லை. முறிந்த வங்கியிலிருந்து வந்தவன் என்ற பெயர் வேறு.

அடுத்த மாதம், 1938 ஜூலையில், ரங்கூனில் இந்தியருக்கு எதிரான கலவரம் வெடித்தது. அதே 1938இல்தான் சிங்கம்புணரியைச் சேர்ந்த பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் சுமத்ராவின் மேடான் நகரத்து வட்டிக்கடைக்கு வேலைக்குக் கப்பலேறினார். அவர்தான் ப. சிங்காரம். தொழில் அஸ்தமிக்கும் வேளையில் அதற்குள் நுழைந்தவர் அவர்.

*

முடிவு 1941 இறுதியில் தொடங்கியது. டிசம்பரில் பினாங்கிலும் ரங்கூனிலும் குண்டுகள் விழுந்தன. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும், மார்ச்சில் ரங்கூனும் ஜப்பானியர் வசமாயின. பர்மாவிலிருந்து நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் புறப்பட்டார்கள். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் அரக்கான் மலைகளைக் கடந்து சிட்டகாங்குக்கும், வடக்கே தமு வழியாக மணிப்பூருக்கும் நடந்தார்கள். வழியில் மாண்டவர்கள் பல்லாயிரவர். வெ. சாமிநாத சர்மாவின் 'பர்மா வழி நடைப் பயணம்' அந்த வழியை நமக்குக் காட்டும் நேரடிச் சாட்சியம்.

அந்தக் கூட்டத்தில் நடந்த அடுத்தாளுக்கு ஒரு தனித்துயரம் உண்டு. அவருடைய தொழிலில் ஒவ்வொரு பணிக்காலமும் கணக்கு முடித்தே நிறைவுபெறும். இந்தமுறை கணக்கு முடியவில்லை. சம்பள பாக்கி எவ்வளவு, பங்கு எவ்வளவு, கைமாற்று எவ்வளவு என்று சொல்லும் பேரேடு ரங்கூனில் கிடந்தது. வாழ்நாள் முழுதும் மற்றவர் கணக்கைக் காலணா பிசகாமல் எழுதியவரின் சொந்தக் கணக்கு திறந்தபடியே நின்றுவிட்டது. முதலாளியும் இழந்து நிற்கையில் யாரிடம் போய்க் கேட்பது?

மலேயாவிலும் சுமத்ராவிலும் தங்கிவிட்டவர்களின் நிலை வேறுவகை. அங்கே மூன்றரை ஆண்டு ஜப்பானிய ஆட்சியில் கடன்கள் ஜப்பானியத் தாள்களில் திருப்பிக் கட்டப்பட்டன. 1945இல் அந்தத் தாள்கள் வெறும் காகிதமாயின. கடைகள் திரும்பத் திறந்தபோது பழைய தெரு இருந்தது, பழைய நம்பிக்கை இல்லை. போர்க்காலத்தில் யார் எங்கே இருந்தான், எவனோடு சேர்ந்தான், எதில் கைவைத்தான் என்ற ஐயம் எல்லோர் மீதும் படிந்திருந்தது. 'கடலுக்கு அப்பால்' நிகழ்வது இந்தப் பொழுதில்தான். வானாயீனாவை வெறும் பிடிவாதக்காரக் கிழவராகப் பார்த்தால் நாவலின் ஒரு பாதியை இழந்துவிடுவோம். மகனைப் போரில் பறிகொடுத்தவர் அவர். தம் கடையை ஒப்படைக்க அவர் தேடுவது திறமைசாலியை அன்று; தாம் அறிந்த அச்சில் வார்க்கப்பட்டவனை. செல்லையா அந்த அச்சைவிட்டு வெளியே சென்று உலகம் கண்டுவிட்டான். பிணை முறிந்துவிட்டது.

சிங்காரம் 1946இல் இந்தியா திரும்பினார். அடுத்த ஆண்டு மதுரை 'தினத்தந்தி'யில் சேர்ந்து நாற்பது ஆண்டு பணியாற்றினார். ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறையில் தனியே வாழ்ந்து 1997இல் மறைந்தார். வட்டிக்கடையை விட்டு வந்தவருக்குக் கணக்கு வேலை கிடைத்திருந்தால் நமக்கு அந்த இரு நாவல்களும் கிடைத்திருக்குமா என்று யோசிப்பது வீண் கற்பனை. ஆனால் ஒன்று சொல்லலாம். செட்டித் தெருவின் பெட்டி, பேரேடு, கடைப்பையனின் நாள்முறை, மேலாளின் பேச்சு ஆகியவற்றை இலக்கியத்தில் இறக்கிவைத்தவர் அந்தப் பெட்டியடியில் அமர்ந்து எழுந்தவர்.

*

போருக்குப் பிறகும் சிலர் பர்மா சென்றார்கள். 1948இல் விடுதலை பெற்ற பர்மா அதே ஆண்டு நில தேசியமயச் சட்டத்தை இயற்றியது. 1963 பிப்ரவரியில் தனியார் வங்கிகள் அனைத்தும் அரசுடைமையாயின. 1964 மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாத் தாள்கள் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டன. மீண்டும் கப்பல்கள் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தன. திரும்பியோரின் மறுவாழ்வுக்காக 1969இல் சென்னையில் ரெப்கோ வங்கி நிறுவப்பட்டது. தாயகம் திரும்பியோருக்குக் கடன் கொடுக்க ஒரு வங்கி. கடன் கொடுத்தே பழகிய ஒருவர் அங்கே விண்ணப்பத்தை நீட்டி, 'ஜாமீன் யார்?' என்ற கேள்வியை எதிர்கொண்டிருக்கும் கணத்தை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

இதே இடைவெளியில் இந்திய வங்கி ஊழியரின் நிலை மாறியிருந்தது. 1946இல் அகில இந்திய வங்கி ஊழியர் சங்கம் தோன்றியது. 1953இல் தொழில் தகராறுச் சட்டத்தில் செய்த திருத்தம், ஆட்குறைப்புக்கு முன்னறிவிப்பும், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் ஊதியமும் தரவேண்டும் என்று விதித்தது. 1960இல் பாலாய் சென்ட்ரல் வங்கி முறிந்ததையொட்டி வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு, நலிந்த வங்கியை வலுவான வங்கியோடு இணைக்கையில் ஊழியர்களையும் அதே ஊதியத்தில் ஏற்றுக்கொள்ளவேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. 1926இல் கரூரில் தொடங்கப்பட்ட இலட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியுடன் இணைக்கப்பட்டபோது, பங்குதாரர்களின் முதல் முற்றாக அழிந்தது. ஊழியர்கள் பணியில் தொடர்ந்தார்கள். 1938இல் சென்னையில் தெருவுக்கு வந்தவர்களையும் 2020இல் கரூரில் வேலையில் நீடித்தவர்களையும் பிரித்து நிற்பது இந்தச் சட்ட வரிகள்தாம். அவை தாமாக வரவில்லை. சங்கம் வைத்துக் கேட்டவர்களால் வந்தன. பெட்டியடியில் சங்கம் இருந்ததில்லை. முதலாளியே உறவினராக இருக்கும் இடத்தில் எவரிடம் எதைக் கோருவது?

அந்த உறவுக் கட்டமைப்பை நாம் ஏக்கத்தோடு நினைக்கத் தேவையில்லை. குறிப்பிட்ட சாதிக்குள் பிறக்காதவனுக்கு அதன் மேற்படிகள் எட்டுவது அரிது. பெண்களுக்கு அதில் இடமே இல்லை. கணவனில்லாத மூன்றாண்டுகள் மட்டுமே அவர்கள் பங்கு. எனினும் அது ஒன்றை உணர்த்துகிறது. பணத் தொழிலில் ஒருவன் விற்பது கணக்கறிவை மட்டுமன்று. 'இவனிடம் பெட்டியை ஒப்படைக்கலாம்' என்று இன்னொருவர் சொல்லும் சொல்லையும் சேர்த்தே விற்கிறான். கணக்கறிவு அவனுடையது, அந்தச் சொல் பிறருடையது. கடை மூடப்படும்போது அறிவு அவனோடு வருகிறது, சொல் அங்கேயே தங்கிவிடுகிறது. அவன் தேடி அலைவது அதைத்தான்.

சில மாதங்களுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். தமிழிலக்கியம் படித்து, பிறகு கணக்கியலும் பயின்று, நிதி நிறுவனம் ஒன்றில் பத்தாண்டு பணியாற்றியவர். ஆட்குறைப்பில் வேலை போயிற்று. புதிய இடத்தில் எல்லாம் முடிந்து, அவரை அறிந்தவர்கள் இருவர் பெயரைக் கேட்டிருக்கிறார்கள். பழைய அலுவலகத்தில் அவரை அறிந்த மேலதிகாரியும் அதே நாளில் வேலையிழந்து எங்கோ போய்விட்டார். "உங்க பேரைக் கொடுக்கலாமா ஐயா?" என்று தயங்கிக் கேட்டார். அவருடைய கணக்கறிவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நூலகத்திலிருந்து எடுத்துச் சென்ற புத்தகங்களை அவர் ஒருநாளும் தாமதித்துத் திருப்பியதில்லை என்பது தெரியும். கொடுக்கச் சொன்னேன். மறுவாரம் தொலைபேசியில் அழைத்த பெண்ணிடம் நான் சொன்னதும் அதைத்தான்.